மான்செஸ்டரில் நின்றபடி கேட்கும் கச்சேரி: மாமாவுக்கு ஒரு விளக்கக் கடிதம்

மான்செஸ்டர்

கொழிஞ்சாம்பாறையில் வாழும் பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கும், இதை வாசிக்கச் சொல்லிக் கேட்கவிருக்கும் வண்டிப்பெரியாற்று அத்தைக்கும் மருமகனின் வணக்கம்.

காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய பிறகும் உட்கார நாற்காலியின்றி, இரவு முழுதும் நின்றுகொண்டு பாட்டுக் கேட்பது எந்த ஊர் நாகரிகம் என்று மாமா அவர்கள் எழுப்பிய வினா நியாயமானதே. அதற்குரிய விடையை இக்கடிதம் முறைப்படி அளிக்க முற்படுகிறது.

இண்டி ராக் எனப்படுவது, பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் முதலீட்டை எதிர்பாராமல், நான்கைந்து பேர் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டு தாமே எழுதி, தாமே பாடி, பெரும்பாலும் தாமே விற்கும் இசைவகையாகும். அதன் பிறப்பிடங்களுள் மான்செஸ்டர் முக்கியமானது. இந்நகரின் பஸ்காக்ஸ் குழுவினர் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் ஏறக்குறைய 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பரில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்து, 1977 ஜனவரியில் 1000 இசைத்தட்டுகளைத் தாமே வெளியிட்டனர். விற்பனை பின்னர் 16,000 வரை உயர்ந்தது. தென்னந்தோப்பை அடகு வைத்துச் சினிமா எடுத்தவர்களைப் பற்றி மட்டுமே கேள்விப்பட்டிருக்கும் மாமா அவர்களுக்கு, கடன் வாங்கிச் செய்த கலை முதலுக்கு மோசமாகவில்லை என்னும் செய்தி தனி வியப்பைத் தரக்கூடும்.

அதே 1976இல், ஜூன் 4 அன்று, இந்நகரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்னும் அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் லண்டன் குழு (அத்தைக்கு வாசிக்கும்போது இப்பெயரை விட்டுவிடுதல் நலம்) பாடியதைக் கேட்டவர்கள் சுமார் 40 பேரே என்று எழுதப்பட்டுள்ளது. எனினும், அக்கச்சேரி பின்னர் பெரும்புகழ் பெற்றதால், அன்று அங்கே இருந்ததாகச் சாதிக்கும் முதியவர் இந்நகரில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. 1974இல் மறைந்த கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரை முதல் வரிசையில் அமர்ந்து கேட்டதாகச் சொல்லாத பெரியவரைக் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவன்று தேடினாலும் காண முடியாது என்பதால், இவ்வியல்பை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதாகக் கருதுவது பொருந்தாது.

கச்சேரி நடைபெறும் முறையும் விளக்கத்தக்கது. ஓல்டாம் தெருவில் 1991 முதல் இயங்கும் நைட் அண்ட் டே கஃபே போன்ற சிறு கூடங்களில், பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையே கைக்கெட்டும் தூரமே இருக்கும். ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்து வைப்பவரும், காலால் சிறு பெட்டிகளை மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றுபவரும், முடிந்தபின் வாசலருகே மேசை போட்டு பனியன் விற்பவரும் ஒருவரேயாவர். ஒலி மிகுதியாதலின் காதில் செருகிக்கொள்ளும் அடைப்பான்களும் விற்கப்படுகின்றன. கேட்பதற்கு ஒரு காசும், கேளாதிருப்பதற்கு மறு காசும் கொடுக்கும் இப்பொருளியலை மருமகன் இன்னும் ஆராய்ந்து வருகிறான். தொடையில் தாளம் போடுவார் இல்லை. தலையை ஆட்டுவர், குதிப்பர், அயலார் காலை மிதித்துவிட்டு மன்னிப்பும் கேட்பர். கையிலுள்ள பிளாஸ்டிக் குவளையின் உள்ளடக்கம் பற்றி மாமா அவர்கள் தனியே வினவினால் தனியே விடையளிக்கப்படும்.

மிகவும் விந்தையானது முடிவுதான். மங்களம் பாடிய பின் மீண்டும் பாடும் வழக்கம் கல்பாத்திக் கச்சேரிகளில் இல்லை. இங்கோ, குழுவினர் விடைபெற்று உள்ளே செல்ல, அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நன்கறிந்த கூட்டம் அறியாததுபோலக் கூச்சலிட, அவர்களும் எதிர்பாராததுபோல வந்து, மிகப் புகழ்பெற்ற பாட்டை அப்போதுதான் பாடுகின்றனர்.

இத்தகைய கூடங்களுக்கு அண்டை வீட்டாரின் தொல்லையும் உண்டு. மேற்சொன்ன கூடத்திற்கு எதிராக அருகிலுள்ள குடியிருப்பிலிருந்து புகார் எழ, 2021இல் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்ப, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. எஸ்டேட் லயத்தின் ஒற்றைச் சுவருக்கு அப்பால் ஓடும் தொலைக்காட்சியில் தொடர் கதை கேட்டுப் பழகிய அத்தைக்கு இவ்வழக்கின் இரு தரப்பும் எளிதில் விளங்கும்.

கச்சேரி கலைந்தபின் மழையில் நனைந்து டிராம் பிடிப்பதும், ரஷோம் பகுதியின் கறி மைல் கடைத்தெருவில் பசியாறுவதும் நகர வாழ்வின் எஞ்சிய இன்பங்கள். இவற்றைப் பற்றி மிகுதியாக எழுதினால் சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வி பிறக்கும்.

இவ்விசை கேரளத்திற்குப் புதிதன்று. மலையாளத்தில் ராக் பாடிய அவியல் குழுவின் இசைத்தொகுப்பு 2008இலேயே வெளிவந்தது. கர்நாடக இசையை ராக்கோடு இணைக்கும் பெங்களூரு அகம் குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், மாமா அவர்கள் அடிக்கடி ரயில் மாறும் ஷொர்ணூர்க்காரர். ஆகவே, இத்தகைய குழு ஒன்று பாலக்காட்டுக்கோ கொச்சிக்கோ வருமாயின், மாமா அவர்கள் ஒருமுறை நேரில் சென்று, நின்றபடி கேட்டு, முழங்கால் வலியை நீக்கி இசையைப் பற்றி மட்டும் தம் அபிப்பிராயத்தை எழுதியனுப்புமாறு வேண்டிக்கொள்கிறான்,

அன்புள்ள மருமகன்.