டிக்கெட் எடுத்துப் பாத்த கல்யாணம்

ஏல பேராண்டி, பொண்ணு போட்டோவ நீட்டுனா மட்டும் வெக்கம் பிடுங்கித் திங்குதோ? 2011ல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல, சீவராசியெல்லாம் எப்படிச் சேருது, எப்படிக் குட்டி போடுதுன்னு கண்காட்சி வச்சப்ப, டிக்கெட் எடுத்துப் போயி நின்னவன்தானல நீ? நம்ம தொழுவத்துப் பசு ராத்திரி பூரா கத்தி, விடிஞ்சதும் காளைக்கு ஓட்டிட்டுப் போனா, ஓசிக் காட்சின்னு கூடப் பாக்காம கண்ணப் பொத்திக்கிட்டு ஓடுவே.

வெக்கப்படுறதுல நீ ஒருத்தன்தான்னு நெனைக்காத. ஸ்காட் துரையோட அண்டார்டிகா போன லெவிக்குன்னு ஒரு கப்பல் டாக்டரு. அங்கன அடேலி பெங்குயின் கூட்டத்துக்குள்ள உக்காந்து கவனிச்சிருக்காரு. செத்துக் கெடக்க பொட்டையக் கூட விடாத ஆம்பளைகளக் கண்டு மனுசன் ஆடிப் போயிட்டாரு. கண்டவன் படிச்சிரக் கூடாதேன்னு நோட்டுல கிரேக்க எழுத்துல குறிச்சு வச்சாரு. 1915ல 100 பிரதி மட்டும் அடிச்சு, வெளிய விடக் கூடாதுன்னு மேலயே போட்டு, விவரந்தெரிஞ்ச நாலு பேருக்குள்ள சுத்த விட்டாக. ஊருலகத்துக்குத் தெரிஞ்சது 2012ல. அத்தன வருசமா பெங்குயின் மானத்த வெள்ளக்காரன் கட்டிக் காத்திருக்கான். பெங்குயினுக்கு அது தெரியவே தெரியாது, பாவம்!

அந்தக் கண்காட்சியில இசபெல்லா ரோசலினின்னு ஒரு நடிகை, ஆம்பளப் பூச்சியா வேசங்கட்டி நடிச்ச படம் ஓடுச்சுன்னியே. அதுல கும்பிடுபூச்சி கதைதான் கதை. கூடி இருக்கையிலயே பொண்டாட்டி தலையத் தின்னுபுடுதா. இவன் தலையில்லாமலே வேலைய முடிக்கான். ஒங்க பாட்டிகிட்ட இத நான் சொல்லல. யோசன குடுத்த மாதிரி ஆயிரும்.

கடலடி இருட்டுல தூண்டில் மீனு. அதுல சில சாதியில ஆம்பள, பொடிப்பய. பொட்டையக் கண்டா கடிச்சு ஒட்டிக்கிடுவான். தோலு ஒண்ணாயி, அவ ரத்தமே இவனுக்குச் சாப்பாடாயி, கடைசியில விந்துப் பையத் தவிர பெருசா ஒண்ணும் மிஞ்சாது. வீட்டோட மாப்பிள்ளையா வாரியான்னு பொண்ணு வீட்டுல கேட்டா, பதில் சொல்லுமுன்ன இந்த மீன ஒரு தடவ நெனச்சுக்கோ.

ஆஸ்திரேலியாவுல ஒரு பறவை சுள்ளிய நட்டுப் பந்தல் போட்டு, முன்னால பாட்டில் மூடி, கிளிப்புன்னு நீலமாக் கெடச்சதெல்லாம் பரப்பி வைக்குமாம். பொட்டை வந்து மயங்குனா அதோட சரி. கூடு கட்டுறதும் குஞ்சு வளக்குறதும் அவ பாடு. தவணையில சோபா வாங்கிப் போட்டிருக்கியே, அதப் பாத்ததுல இருந்து எனக்கு ஒம்மேல லேசா ஒரு சந்தேகம்.

கடல்குதிரை பரவாயில்ல. பொட்டை முட்டைய ஆம்பள வயித்துப் பையில போட்டுட்டுப் போயிருதா. சுமக்குறதும் பெறுறதும் அவன். நீ பெற வேண்டாம்ல. ராத்திரி பிள்ள அழுதா எந்திரி, போதும்.

நாளைக்குப் பொண்ணு வீட்டு ஆளுக வாராக. லண்டன்ல என்ன பாத்தீகன்னு கேட்டா ஒளறிராத. உள்ள நுழைஞ்சதும் பெரிய டைனோசர் எலும்புக்கூடு நின்னுச்சுன்னியே, அதச் சொல்லு. பொண்ணு தனியாக் கேட்டா மட்டும், கடல்குதிரையில ஆரம்பி.