‘ஐ வில் டிரை’ன்னா வருவியா, மாட்டியா?

வாடா பேராண்டி, உக்காரு. ஈப்போவுல பணம் கட்டி இங்கிலீஷ் படிக்கிறியாமே, சந்தோஷம். போன வாரம் கூரை ஒழுகுது, சனிக்கிழமை வந்து ஏணியைப் பிடிடான்னு கேட்டேன். ‘ஐ வில் டிரை, தாத்தா’ன்னே. நானும் நம்பிக் கோழி வாங்கி வச்சேன். கோழி சட்டிக்கு வந்துச்சு, நீ வரலே. வரமாட்டேன்னு சொல்ல வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச மரியாதையான பேச்சு அதுன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

நேத்து உன் நோட்டை எட்டிப் பார்த்தேன். முடிவெடுக்கிறதுக்குன்னே ஒரு பக்கம் முழுக்க எழுதி வச்சிருக்கே. ‘கோல்ட் ஃபீட்’னா கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறதாம். கால் ஜில்லுன்னா பின்வாங்கிடணுமா? சுங்கை சிப்புட் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடியே பனிப் புல்லுல நடந்து, அட்டையைப் பிடுங்கிப் போட்டுட்டுப் பால்மரம் வெட்டினாளே உங்க பாட்டி, அவளுக்கு ஒரு நாளாவது கால் சுட்டிருக்குமா? பெரட்டுல பேரைக் கூப்பிட்டா ஆள் நிக்கணும். ஆள் இல்லேன்னா அன்னிக்குக் கூலி இல்லே. அங்கே போய்க் கங்காணிகிட்ட ‘ஐ வில் டிரை’ன்னு சொல்லிப் பார்த்திருக்கணும் நீ!

அப்புறம் என்னமோ ‘சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்’. எந்தப் பக்கமும் சாயாம வேலி மேலயே உக்காந்துக்கிறதாம். 1948 ஜூன்ல நம்ம சுங்கை சிப்புட் வட்டாரத்துலதான் மூணு தொரைமாரைச் சுட்டாங்க. அவசரகாலம் வந்துச்சு, லயங்களைச் சுத்தி முள்கம்பி வந்துச்சு. அந்த வேலி மேல ஒரு நிமிஷம் உக்காந்து காட்டச் சொல்லு உன் வாத்தியாரை.

தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலம் ஒண்ணு உண்டு. 1960-ல நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா வந்து, பத்துப் பத்து வெள்ளியாக் கட்டுங்க, நாமளே தோட்டம் வாங்குவோம்னார். எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் தொரை, கிராணி ரெண்டுதான். அதுவும் இங்கிலீஷ் இல்லே. ‘லெட் மீ ஸ்லீப் ஆன் இட்’, அதாவது தூங்கி எழுந்து யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லத் தெரிஞ்சிருந்தா மனுஷன் போர்வையை இழுத்துப் போத்தியிருப்பார். தெரியாததால பணத்தைக் கட்டிட்டார். அந்தத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்னிக்கும் இருக்கு.

அதுக்காகப் படிப்பை விட்டுடாதே. அந்தத் தூக்கப் பேச்சு எனக்கே உதவுது. தவணையில தண்ணி வடிகட்டுற மெஷின் விக்க ஒரு பையன் வர்றான். ‘லெட் மீ ஸ்லீப் ஆன் இட்’ங்கிறேன். மூணு வருஷமாத் தூங்குறேன், அவனும் சலிக்காம வந்து காப்பி குடிச்சிட்டுப் போறான். கடனுக்குக் கையெழுத்துக் கேக்கிறவன்கிட்ட இங்கிலீஷ் பேசு. பொண்ணு பார்த்துட்டு வந்த வீட்டுல மட்டும் பார்க்கலாம்னு இழுத்து ‘சீ ஹவ் லா’ன்னு சொல்லித் தொலைக்காதே, உங்கம்மா தலையில துண்டு விழும்.

சரி, இந்த வாரமும் மழை இருக்காம். கூரைக்குக் கீழே இன்னும் வாளிதான் வச்சிருக்கேன். சனிக்கிழமை வருவியா, மாட்டியா? தமிழ்ல சொல்லு.