பொங்கல் தின்றுவிட்டுப் படகு ஏறாதீர்கள்

முதன்முதலாகக் கடலில் ஸ்கூபா முங்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சுறா வருமா?" புதுச்சேரிக் கடலில் சுறா உங்களைத் தேடி வருவதைவிட, கரையில் நீங்கள் சுறாப்புட்டைத் தேடிப் போகவே வாய்ப்பு அதிகம். பயப்பட வேண்டியது படகுக்கு. துறைமுக முகத்துவாரம் வரை எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். தாண்டிய பிறகு ஒருவர்கூட எடுப்பதில்லை.

காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். குமட்டல் மாத்திரை போடுவதானால், டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான். டீசல் புகை வரும் பக்கம் உட்காராமல், போனை உள்ளே வைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தே தீரும் என்றால், காற்று போகும் பக்கமாகப் போய் எடுங்கள். எதிர்ப்பக்கம் எடுத்தவரைச் சக பயணிகள் கரைக்கு வந்தும் மன்னிப்பதில்லை. தண்ணீருக்குள் வந்துவிட்டால்? வாயிலிருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதற்குள்ளேயே எடுக்கலாம், வெளியே தள்ளிவிடும். மீன்கள் பந்திக்கு வந்துவிடும்.

அடுத்தது மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் வராது. இடையில் அய்யனார் மீசை இருந்தால் ஒவ்வொரு மயிரும் ஒரு வாய்க்கால். மூக்குக்கு அடியில் கீற்றளவு மழித்தால் போதும் என்று என் மச்சானிடம் சொன்னேன். "மீசையில கை வைக்கறதுக்கு நான் கடலுக்கே வரலை மாப்ள" என்றார். வந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாஸ்க்குக்குள் மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே கடலைப் பார்த்தார்.

தொப்பை உள்ளவர்களுக்கு இன்னொன்று. கொழுப்பு மிதக்கும். அதனால் பயிற்சியாளர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருக்கு இன்னும் ரெண்டு கிலோ ஈயம் கட்டு" என்று படகே கேட்கும்படி கத்துவார். கோபப்படாதீர்கள். அது இயற்பியல்.

தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் "மேலே போகலாம்" என்று பொருள். மச்சான் ஒரு மீன் கூட்டத்தைப் பார்த்த பரவசத்தில் "சூப்பர்" என்று தூக்கினார். பயிற்சியாளர் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய்விட்டார். எல்லாம் நலம் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

வேடிக்கைக்கு இடமில்லாத விஷயமும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். மூச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் அடக்காதீர்கள். 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். ஏறும்போது அவசரம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வாருங்கள்.

படகில் போனால் வழக்கமாக இரண்டு முறை முங்குவீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் வரை, குறைந்தது 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. ஈ.சி.ஆர். பேருந்துக்கு அந்தத் தடை இல்லை.