பத்துக்குப் பத்து கேட்கும் பெரியோர்களுக்கு

அனுப்புநர்:
முன்பணம் முதல் மூன்றாவது சர்வீஸ் வரை தவறாமல் பணம் கட்டிய ஒரு கார் உரிமையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வாடிக்கையாளர் திருப்தி அளவீட்டுப் பிரிவு.
(கம்பெனியின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். யார் நிரப்பிக்கொண்டாலும் பொருந்தும்.)

பொருள்: பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொன்னது தொடர்பாக.

ஐயா / அம்மா,

தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "எங்கள் காரை நண்பர்களுக்கோ உறவினர்களுக்கோ சிபாரிசு செய்வீர்களா? பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்க சார்" என்றார். "பத்து" என்றேன். காரணத்தையும் கேட்பார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார். கேட்காத காரணத்தை இதன்மூலம் சமர்ப்பிக்கிறேன்.

காரணம் தங்கள் கார் அல்ல. சர்வீஸ் சென்டரில் இருக்கும் தம்பி. வண்டிச் சாவியைக் கொடுத்தவர் கையை எடுக்காமல், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே, "சார், கம்பெனிலேர்ந்து கால் வரும். பத்துன்னு சொல்லிடுங்க சார். ஒன்பதுன்னாலே மேனேஜர் கூப்பிட்டுக் கேப்பாரு. எட்டுன்னா இன்சென்டிவ் போச்சு சார்" என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் லேமினேட் செய்த ஒரு தாளையும் காட்டினார். அதில் 9, 10 இரண்டும் பச்சை, சிரிக்கும் முகத்தோடு. 7, 8 மஞ்சள். ஆறிலிருந்து கீழே எல்லாம் சிவப்பு. அந்த மாதம் அவருக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. எனக்கு ரியர் கேமராவில் மழைக்குப் பிறகு பனி மூட்டம் தெரிகிறது என்ற மனக்குறை இருந்தது. ஒருவர் வாடகைக்கு எதிராக என் கேமராவை நிறுத்த மனம் வரவில்லை.

இந்த ஒற்றைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பிரெட் ரைக்கெல்டு என்ற அமெரிக்க ஆலோசகர் 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதியது. ஆயிரம் கேள்வி வேண்டாம், இது ஒன்று போதும் என்றார். 9, 10 போட்டவர் ஆதரவாளர். ஆறும் அதற்குக் கீழும் போட்டவர் எதிர்ப்பாளர். ஆதரவாளர் விழுக்காட்டிலிருந்து எதிர்ப்பாளர் விழுக்காட்டைக் கழித்தால் கம்பெனியின் யோக்கியதை வந்துவிடும். ஏழும் எட்டும் போட்டவர்கள் கூட்டலிலும் இல்லை, கழித்தலிலும் இல்லை. நூற்றுக்கு 35 வாங்கினால் பாஸ் போடுகிற மாநிலத்தில் பிறந்தவன் நான். எண்பது வாங்கிய பையனுக்குத் தெருவுக்கே சாக்லேட் கொடுப்போம். தாங்கள் அவன் பரீட்சையே எழுதவில்லை என்கிறீர்கள்.

அதைக்கூட விடுங்கள். உறவினருக்குச் சிபாரிசு செய்வாயா என்று ஒரு தமிழ்க் குடும்பஸ்தனைக் கேட்கலாமா? எங்கள் வீடுகளில் சிபாரிசு என்பது ஜாமீன் கையெழுத்து. என் மாமா ஒருவர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இந்த மிக்ஸி வாங்குங்கள் என்று வாய்விட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். ஜார் ஒழுகியதெல்லாம் இன்றுவரை மாமா கணக்கில்தான் இருக்கிறது. தாங்கள் விற்ற கார் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே என் சகலைக்கு அதைச் சொல்ல மாட்டேன். நாளை அவருடைய கிளட்ச் தேய்ந்தால் தங்கள் டோல்ஃப்ரீ எண்ணுக்கா கூப்பிடுவார்? ராத்திரி பத்து மணிக்கு என்னைத்தான் கூப்பிடுவார். ஆகவே தங்கள் கேள்விக்கு என் மனசாட்சிப்படியான பதில் பூஜ்ஜியம். தாங்கள் அதைச் சிவப்பில் போட்டு என்னை எதிரி ஆக்கிவிடுவீர்கள்.

கேட்கிற நேரமும் சரியில்லை. இது தங்கள் தவறு மட்டும் அல்ல, எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கிடார் வாங்கினேன். அட்டைப்பெட்டியைப் பிரித்த வாரமே 'உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்' என்று செய்தி வந்தது. அனுபவமா? எனக்கு அப்போது கிடாரைப் பிடிக்கும் பக்கமே சரியாகத் தெரியாது. அன்று நான் நட்சத்திரம் போட்டிருந்தால் அது கிடாருக்கு அல்ல, பெட்டியில் ஒட்டியிருந்த டேப்புக்கு.

வாசிக்கத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கிடாரைத் தெரிந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு ரூபாய் நாணயங்களை அடுக்கிச் செருகலாம், அவ்வளவு உயரம். எஃப் கார்டு பிடிக்க ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்தினால் நான்கு ஊமையாகிவிடும். "பழகப் பழக விரல் காச்சுப்போயிடும் சார்" என்று விற்றவர் சொன்னதை நம்பி என் விரலைத்தான் நொந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு ரிப்பேர்க்காரர் கம்பியைக் கழற்றி, பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப வைத்தார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டுக் கால் திருப்பு திருப்பினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அதே கிடார், அதே விரல், எஃப் கார்டு சுத்தமாகக் கேட்டது. கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து விரல் நுனியில் பழுப்பாக ஒட்டும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். மரம் நல்ல மரம், தயாரித்தவன் கடைசி அரைமணி வேலையைச் செய்யவில்லை. இதுதான் அந்தக் கிடார் பற்றிய என் உண்மையான அபிப்பிராயம். இதை எந்த நட்சத்திரத்தில் எழுதுவது?

நட்சத்திரம் என்றதும் வீட்டு ஏசி ஞாபகம் வருகிறது. ஐந்து நட்சத்திரம் என்று வாங்கினோம். 2022 ஜூலை 1 முதல் எரிசக்தித் திறன் பணியகம் அளவுகோலை ஒரு படி உயர்த்தியது. சுவரில் மாட்டிய இடத்திலேயே இருந்தபடி எங்கள் ஏசி நான்கு நட்சத்திரம் ஆகிவிட்டது. வீட்டில் இதற்குக் கொஞ்சம் மனவருத்தம். எனக்கோ அந்தப் பணியகத்தின் மேல் மரியாதை கூடியது. அவர்கள் எண்ணுக்குப் பின்னால் குளிர்ச்சிக்கு எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கு இருக்கிறது, காலத்துக்கேற்ப அது இறங்கவும் செய்கிறது. தங்கள் திருப்தி மதிப்பெண் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

காருக்கு வருகிறேன். விளம்பரத்தில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர், வேளச்சேரியில் 13. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த 22 பொய்யும் அல்ல. சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, ஏசியைப் போடாமல், உச்ச வேகம் 90-ஐத் தாண்டாத ஒரு கால அட்டவணைப்படி ஓட்டி எடுத்த கணக்கு. அங்கே மழைநீர் வடிகால் தோண்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் சர்வீஸ் பில்லில் நான் கேட்காமலே 'ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட்', 'என்ஜின் டிரெஸ்ஸிங்' என்று இரண்டு வரி ஏறியிருந்ததைக் குறையாகவே சொல்கிறேன். என்ஜினுக்கு அலங்காரம் செய்து யார் பார்க்கப்போகிறார்கள்? பானெட்டைத் திறப்பது தங்கள் ஆட்கள் மட்டுமே.

இனி, தங்கள் படிவத்தில் கட்டமே இல்லாத ஒரு பாராட்டு. என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பழைய காரில் தலையைக் குனிந்து, கதவைப் பிடித்து, 'முருகா' என்று விழுந்துதான் உட்காருவார். இறங்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். தங்கள் காரின் பின்சீட்டு அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. கதவு நன்றாக அகலத் திறக்கிறது. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொள்கிறார். இப்போதெல்லாம் கபாலீஸ்வரர் கோயிலுக்குத் தானாகவே கிளம்பிவிடுகிறார். அந்த சீட்டின் உயரத்தை முடிவு செய்த பொறியாளர் யார் என்று தெரிந்தால் அவருக்குப் பதினொன்று போடுவேன். தங்கள் அலுவலகப் பெண் கேட்டதோ ஓர் எண்ணை மட்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணையவழி விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. காசு கொடுத்து எழுத வைத்த விமர்சனம் கூடாது என்கிறது. ஒருவர் இன்சென்டிவைப் பிணை வைத்து வாங்கிய பத்து, காசு கொடுத்து வாங்கியதில் சேருமா சேராதா என்று தங்கள் சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்லவும்.

என் கோரிக்கை எளியது. ஐந்தாம் வருடம், முதல் முறை டயர் மாற்றிய பிறகு கூப்பிடுங்கள். எண் கேட்காதீர்கள். 'என்ன சார் எப்படி இருக்கு வண்டி?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். நாங்களே கொட்டிவிடுவோம். அதற்கும் தாமதித்து நாங்கள் விற்கும் சமயத்தில் கேட்டுவிடாதீர்கள். அப்போது எங்களைப் போல் பொய்யர்கள் கிடையாது. சிங்கிள் ஓனர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்த வண்டி, ஒரு கீறல் இல்லை என்போம். தங்கள் விளம்பரப் பிரிவே எங்களிடம் பயிற்சிக்கு வரும்.

மேற்படிக் கடிதத்தைக் காரணம் காட்டி நான் சொன்ன பத்தைத் திருத்த வேண்டாம் என்றும், தம்பியின் இன்சென்டிவை அந்த மாதச் சம்பளத்தோடே சேர்த்துக் கொடுக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆதரவாளர் (பதிவேட்டின்படி)

நகல்: என் சகலைக்கு. இந்தக் காரை வாங்கு என்றோ வாங்காதே என்றோ நான் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை என்பதற்கு அத்தாட்சியாக.