பர்சன்டேஜ் சார்

கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர் என்பதால் திருவண்ணாமலை வேங்கிக்காலில் ரிட்டயர் ஆன அரசு ஊழியர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியவர் தனி ரகம். தெருவுக்கு ஒருவராவது தேறுவார். ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்தாலும் தெருவில் அவர் பெயர் ‘பர்சன்டேஜ் சார்’தான்.

“நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டுப் பாருங்கள். “எழுபத்தி ரெண்டு” என்பார். வயது என்று நினைத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். வண்டியில் இருக்கும் சார்ஜ் அது. காலையில் எழுந்ததும் முதலில் தன் சுகரைப் பார்ப்பார், அடுத்து வண்டியின் சார்ஜைப் பார்ப்பார். இரண்டையும் ஒரே டைரியில் எழுதுவார். இரண்டிலும் கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம்.

கிலோமீட்டர் கணக்கெல்லாம் அவருக்குச் செல்லாது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர்; அதுதான் அவருடைய அலகு. “கம்பெனிக்காரன் ஏழு கிரிவலம்னான். வாங்கின புதுசுல அஞ்சு போச்சு. இப்ப நாலு முடிச்சு, அஞ்சாவதுல வருண லிங்கத்தோட நின்னுடும்.” பேட்டரி தேய்வதை அஷ்ட லிங்கங்களை வைத்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல எந்த இன்ஜினியராலும் முடியாது. ஒருமுறை யம லிங்கத்துப் பக்கத்தில் ஒன்பது பர்சன்ட் காட்டியதாம். அதைச் சொல்லும்போது இன்னும் குரல் கம்மும்.

டீக்கடையில் இரண்டு பர்சன்டேஜ் சார்கள் சந்தித்துவிட்டால் மாஸ்டர் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். ஒருவர், “எண்பதைத் தாண்டினா பேட்டரி செத்துடும்” என்பார். இன்னொருவர், “வாரத்துக்கு ஒருவாட்டி நூறு ஏத்தலேன்னாதான் கெட்டுடும்” என்பார். ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. முன்னவர் வண்டியில் இருப்பது நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரி. வெயிலில் நூறு பர்சன்ட்டோடு மணிக்கணக்கில் நின்றால் அதற்கு ஆகாது. பின்னவருடையது இரும்பு பாஸ்பேட் வகை. அவ்வப்போது முழுசாக ஏற்றினால்தான் மீதி எவ்வளவு என்று வண்டி சரியாகக் கணக்குச் சொல்லும். வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இதற்கெல்லாம் வழி சொல்லியிருப்பான். அந்தப் புத்தகம் இருவர் வீட்டிலும் பீரோவில், நிலப் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கிறது.

வண்டி வந்த பிறகு வீட்டுக்கார அம்மாவின் பாடுதான் திண்டாட்டம். 2016-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சார் கணக்கில் அந்த நூறும் வண்டிக்கே எழுதிவைத்தது. “ஏங்க, மாவு அரைக்கணும்” என்றால், “கொஞ்சம் இரு, வண்டி சார்ஜ்ல இருக்கு” என்பார். சித்திரை வெயிலில் செங்கம் சாலை போய்விட்டு வந்தால் உடனே பிளக்கைச் சொருக மாட்டார், பேட்டரி ஆறட்டும் என்பார். அது சரியான பழக்கம்தான். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே டேபிள் ஃபேனை வண்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த அம்மாளை முறத்தால் விசிறிக்கொள்ள விடுவதை எந்தக் கம்பெனியும் சொல்லித்தரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடமாட்டார், வீட்டுக்குள்ளும் போடமாட்டார். 2022 மார்ச்சில் பக்கத்து வேலூரில், சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்த புகையில் ஒரு தகப்பனும் மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. சார் அதற்கு முன்பே பிளக் பாயின்ட்டை வாசலுக்கு மாற்றிவிட்டார்.

“இதுல மெயின்டனன்ஸே கிடையாது” என்று ஊரெல்லாம் சொல்வார். பழைய மெக்கானிக் கடைப் பக்கம் போனால் அவரும் அதையேதான் வருத்தமாகச் சொல்வார்: “ஆயில் மாத்த வேணாம், பிளக்கு கழுவ வேணாம், கார்புரேட்டரே இல்ல. நான் இன்னாத்த சார் பண்றது?” இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சார் திரும்பி வருவார். பிரேக் ஷூ தேயும், சஸ்பென்ஷனில் எண்ணெய் கசியும், கனெக்டரில் பச்சை பூக்கும், சார்ஜருக்குள் எறும்பு குடும்பம் நடத்தும். இதில் எதையும் திரையில் பர்சன்ட் போட்டுக் காட்டுவதில்லை என்பதால் சாரின் டைரியில் இடமில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பிரஷர் பம்ப் பக்கமே போகமாட்டார், ஈரத் துணியால் குழந்தையைத் துடைப்பதுபோல் துடைப்பார். ஐப்பசி மழையில் வேலூர் ரோட்டில் தண்ணீர் நின்றால், வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவார்.

பௌர்ணமியன்று மட்டும் வண்டிக்கு ஓய்வு. கிரிவலப் பாதையில் அன்றைக்கு வண்டி விடமாட்டார்கள், சார் வெறுங்காலோடு நடப்பார். நடக்கிற பதினாலு கிலோமீட்டரும், பெட்ரோல் போட்டிருந்தால் இதுவரை என்ன ஆகியிருக்கும் என்று கூட வருகிறவருக்குக் கணக்குச் சொல்வார். குபேர லிங்கம் வருவதற்குள் மிச்சம் பிடித்த தொகை ஒரு சவரன் அளவுக்கு வந்துவிடும்.

போன வாரம் மத்தியான வெயிலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் சார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நூறு கிலோவுக்கு மேல் கனம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஞ்சர் கடைப் பையன் ஓடிவந்து ஒரு கை கொடுத்தான்.

“இன்னா சார், சார்ஜ் தீந்துபோச்சா?”

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரைப் பாத்துக் கேக்கற? எழுபத்தெட்டு இருக்குது, வந்து பாரு!”

பையன் திரையைப் பார்க்கவில்லை. பின்சக்கரத்தைப் பார்த்தான். ரப்பர் வழவழவென்று தேய்ந்து, நடுவில் ஒரு ஆணி. மோட்டார் அந்தச் சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றுவதென்றால் முதலில் ஒயரைக் கழற்ற வேண்டும்.

“ஒயர் வண்டிய நான் தொட மாட்டேன் சார். ஆமா, கடைசியா எப்ப சார் காத்து புடிச்சீங்க?”

“காத்தா?” என்றார் சார்.