சுற்றாடல் மாஸ்டர்

கேகாலை பஸ் புளத்கொகுபிட்டியவில் நின்றதும் முதலில் ஒரு பெட்டி இறங்கும். பின்னாலேயே மாஸ்டர் இறங்குவார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். ஆனால் சப்பாத்து போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு வருபவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் கொண்டுவரும் சாமான் ஒன்றுதான். பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். அதிபர் முன்னால் அது 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்துக்குத் துணைக்கருவி. துரையிடம் சமூகப்பணி, மூடியில் கம்பெனி இலச்சினைக்கு இடம்கூட விட்டிருக்கிறார். லயத்து வாசலில் அதுவே ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப். விளையாட்டு என்ற சொல்லை மட்டும் பெரியவர்கள் காதில் விழ விடமாட்டார். விளையாட்டுக்கு எந்தத் தாய் காசு கொடுப்பாள்?

திறந்து பார்த்தால் நம் பரமபதம்தான். பாம்புக்குப் பதில் குப்பை மேடு, ஏணிக்குப் பதில் மரக்கன்று. முகம் சுளித்தால் போதும், அனர்த்தங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஐ.நா.வும் யுனிசெப்பும் சேர்ந்து 'ரிஸ்க்லாண்ட்' என்ற பலகை விளையாட்டு வெளியிட்ட கதையை எடுத்துவிடுவார். 2017இல் லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டதையும் சொல்வார், பெட்டியைச் சுற்றிய பொலித்தீனை நகத்தால் கிழித்தபடியே.

விலை, ஒன்றரைப் பேர் சம்பளம், அதாவது ஒன்றரை நாள் கூலி. "இத கொழுந்தோட சேத்து நிறுப்பாங்களா, தம்பி?" என்று ஓர் அப்பாயி கேட்டார். மாஸ்டர் சிரித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

தாயம் உருண்டது. ஒரு சிறுமியின் காய் மண்சரிவுக் கட்டத்தில் விழுந்தது. "ரெண்டு கட்டம் பின்னால போ, மகள்."

அவள் காயை நகர்த்தவில்லை. "சரியிறதுக்கு முந்தி ஊத்துத் தண்ணி கலங்கி வரும். மரம் சாயும். நெலம் வெடிக்கும். அப்பவே ஓடணும் மாஸ்டர். அந்தக் கட்டமெல்லாம் எங்க?"

2016 மே 17 அன்று மலை சரிந்து லயத்தை மூடிய ஊர் இது. இங்கே அந்தப் பாடத்தைப் பெட்டியில் வைத்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை.

மாஸ்டர் முதன்முறையாகப் பேச்சில்லாமல் நின்றார். பிறகு கொப்பியை எடுத்து, அவள் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் 'திருத்திய பதிப்பு' வந்தது. கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம், வெடித்த நிலம் எல்லாம் அதனதன் கட்டத்தில் இருந்தன. விலை, இரண்டு பேர் சம்பளம்.

அந்தச் சிறுமிக்கு ஒரு பெட்டி இனாமாகக் கொடுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பத்து வீதம் கழிவு கொடுத்தார்.