நீட்டிச் சொல்லக் கூடாத எழுத்து

பினாங்குக் காடிகளின் நம்பர் பிளேட்டில் முதலில் நிற்கும் ஆங்கில எழுத்து எது என்று என் பாட்டியிடம் கேட்டால் நேரான பதில் வந்ததில்லை. "நம்ம ஊரு எழுத்து" என்பாள். நான் இரண்டாம் வகுப்பில் ஆங்கில எழுத்துகளை உரக்கப் படித்தபோது, "சாமி மாடத்துக்கு முன்னாடி உட்கார்ந்துகிட்டு என்னடா பேச்சு இது?" என்று கரண்டியோடு ஓடிவந்தவள் அவள். குறிலாகச் சொன்னால் அது ஊர். நெடிலாகச் சொன்னால் ஊர் நாறிவிடும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்கக் குறில்தான். பி.

இந்த எழுத்து எங்கள் தலையில் எழுதப்பட்ட கதை காருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் துரை இந்தத் தீவில் கொடியேற்றினார். எதிரி வந்தால் ஆங்கிலேயர் பார்த்துக்கொள்வார்கள் என்று கெடா சுல்தானை நம்பவைத்துத்தான் தீவு கைமாறியது. மறுநாள் வேல்ஸ் இளவரசருக்குப் பிறந்தநாள். நாமாக இருந்தால் ஒரு சட்டைத் துணி வாங்கிக் கொடுத்திருப்போம். துரை ஒரு தீவையே எடுத்து, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர் எழுதி மொய் வைத்துவிட்டார். ஊருக்கு இளவரசரின் அப்பா மூன்றாம் ஜார்ஜ் பெயர். அப்பாவும் சரி, பிள்ளையும் சரி, இந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கேட்ட உதவி வராத சுல்தான் 1791-இல் தீவைத் திரும்பப் பிடிக்கப் படை திரட்டினார். துரை முந்திக்கொண்டு அடித்துவிட்டார்.

காட்டை வெட்ட ஆள் வரவில்லையாம். பீரங்கிக்குள் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டைப் பார்த்துச் சுட்டாராம். காசு பொறுக்கப் போனவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டே போனார்களாம். நடந்ததோ இல்லையோ, ஜார்ஜ்டவுனில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் தேடியவர்கள் இந்தக் கதையை மறுக்க மாட்டார்கள். ஓரடி இடத்துக்குக் காசை வாரி இறைப்பது இந்த ஊரில் அன்று தொடங்கிய வழக்கம்.

லைட் துரை தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பிரின்ஸ், பினாங்கு, புலாவ் பினாங் எல்லாமே பி. கொடி இறங்கி வேறு கொடி ஏறினாலும், ஆங்கிலம் போய் மலாய் வந்தாலும், பலகையில் எழுத்தை மாற்ற வேண்டிய செலவு இல்லை.

காருக்கு எண் போடும் யோசனை 1893-இல் பாரிஸ் போலீசாருக்குத்தான் வந்தது. பிரிட்டன் 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. லண்டனின் முதல் எண் 'ஏ1'. அதை வாங்க ரஸ்ஸல் பிரபு இரவெல்லாம் வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன் இவர். முதல் கல்யாணம் ஆங்கிலச் சட்டப்படி முறியும் முன்பே இரண்டாம் கல்யாணம் செய்த குற்றத்துக்காக 1901-இல் பிரபுக்கள் சபை இவரை விசாரித்து மூன்று மாதம் உள்ளே வைத்தது. கல்யாணத்தில் ஒன்றோடு நிற்கத் தெரியாதவர், நம்பரில் மட்டும் ஒன்றுதான் வேண்டும் என்று நின்றார். ஃபேன்சி நம்பருக்கு அலையும் கூட்டத்துக்கு இவரே குலதெய்வம்.

அந்தக் காய்ச்சல் கப்பலேறி நம் பக்கம் வர அதிக நாள் ஆகவில்லை. சிங்கப்பூரில் 'எஸ்1' என்ற பலகையோடு ஓடிய கார் டேர் என்ற துரைசாணியுடையது. காருக்கு 'இச்சிபான்' என்று பெயர்; ஜப்பானிய மொழியில் 'முதலாவது' என்று பொருள். ஒன்றாம் நம்பர் காருக்கு ஒன்றாம் நம்பர் என்றே பெயர்! ஒரு பெண் தானே ஓட்டிக்கொண்டு மலாயாவையும் ஜாவாவையும் சுற்றியதைப் பார்த்த மலாய்க்காரர்கள் அதைப் பேய்க்காற்று வண்டி என்றார்களாம். நம்ம ஆட்கள் பார்த்திருந்தால் வேப்பிலை கட்டியிருப்பார்கள்.

இப்படியாக நீரிணைக் குடியேற்றங்கள் மூன்றும் தத்தம் தலையெழுத்தைப் பிடித்துக்கொண்டன. சிங்கப்பூருக்கு எஸ், மலாக்காவுக்கு எம், எங்களுக்குப் பி. தகராறு அதற்குப் பிறகுதான்.

மலேசிய வரைபடத்தைப் பாருங்கள். பினாங்கு, பேராக், பகாங், பெர்லிஸ். நாலு வீட்டிலும் தலைப்பிள்ளைக்கு ஒரே பெயர். பி-யைப் பினாங்கு சுருட்டிக்கொண்டதால் பேராக்குக்கு ஏ, பகாங்குக்கு சி, பாவம் பெர்லிசுக்கு ஆர். பெர்லிசின் பெயரில் ஆர் மூன்றாவது எழுத்து. பந்தியில் பாயசம் தீர்ந்தபின் வந்தவர்களுக்கு ரசம் ஊற்றுவதுபோல. கெடா கே-யை எடுத்துக்கொள்ள, கிளந்தான் டி-யோடு நின்றது. சிலாங்கூர் எஸ் வேண்டுமென்றால் அங்கே சிங்கப்பூர் ஏற்கெனவே துண்டு போட்டிருந்தது. பி-க்குப் பக்கத்து உச்சரிப்பான, பந்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பால்' என்பதில் முதலில் வருகிற எழுத்து அதற்குக் கிடைத்தது. தமிழில் எழுதினால் எங்களுடையதும் பி, சிலாங்கூருடையதும் பி. இந்தக் குழப்பம் தமிழர்களுக்கு மட்டுமே உரிய சலுகை.

1965-இல் சிங்கப்பூர் தனிக்குடித்தனம் போனபோது எஸ்-ஐயும் கையோடு கொண்டுபோய்விட்டது. பிற்பாடு சபாவும் எஸ் வைத்துக்கொண்டது. 1974-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது அதற்கு 'விலாயா'வின் டபிள்யூ. லாபுவானுக்கு எல். அதே எல் எழுத்தைத்தான் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் காரில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு தீவே லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் சிரிக்கவும் முடியாது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் இரண்டு வருடம் ஒட்டிக்கொள்ள வேண்டிய எழுத்து பி. பினாங்குப் பையன் புதுக்காடி எடுத்தால் பின்கண்ணாடியில் ஒரு பி, பலகையில் ஒரு பி. சேர்த்துப் படித்தால் நீளும். பாட்டி இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது நல்லது.

நிறத்திலும் பழைய எஜமானர்தான். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. டாக்சிக்குத் தலைகீழ்: வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. 1973-இல் பிரிட்டன் புதுக் காடிகளுக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் வெள்ளை, மஞ்சள் பலகைகளைக் கட்டாயமாக்கியது. துரை சட்டை மாற்றிவிட்டார். அவர் கழற்றிப்போட்ட கறுப்புக் கோட்டை நாம் இன்னும் இஸ்திரி போட்டு அணிந்துகொண்டிருக்கிறோம். ஐயும் ஓவும் சாதாரணப் பலகையில் வரக் கூடாது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பிவிடும். இசட் ராணுவத்துக்கு.

வேடிக்கை என்னவென்றால், சாலைப் போக்குவரத்து இலாகா எண்ணைத்தான் கொடுக்கும். பலகையை நாமே கடையில் செய்துகொள்ள வேண்டும். எழுத்து 70 மில்லிமீட்டர் உயரம், 40 மில்லிமீட்டர் அகலம், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர் என்று கணக்கு உண்டு. ஆனால் கணக்கு அரசாங்கத்திடம், பசை கடைக்காரத் தவுக்கேயிடம். தவுக்கே பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தால் பல்செட் மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் எண்கள் கொட்டும். சாய்ந்த எழுத்து, ஒட்டிய எழுத்து, நிழல் விழும் எழுத்து எல்லாம் இருக்கும். 8055 என்ற எண்ணை நெருக்கி ஒட்டினால் ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கும். சாலையில் நிறுத்திய அதிகாரியிடம் அந்த பாஸ், "பாஸ், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று கெஞ்சுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பாவின் காடிக்கு வருவோம். எழுபதுகளின் கடைசியில் வாங்கிய பழைய டட்சன் 120 ஒய். எண் 3104. விலை மட்டும் நம்ப முடியாத மலிவு. காரணம், சீனர்களுக்கு அது ஆகாது, கடைசியில் நாலு. சீனத்தில் நாலு என்பதும் சாவு என்பதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. விற்ற தவுக்கே பாசார் மலாயில் சொன்னது: "உனக்கென்ன தம்பி, நீ தமிழன், நாலு ஒன்றும் செய்யாது." அப்பா பூரித்துப்போய் வீட்டுக்கு ஓட்டிவந்தார். முறுக்கான் பெட்டியை மூடிவிட்டு எழுந்துவந்த பெரியப்பா, பலகையை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார்.

"தம்பி, மூணும் ஒண்ணும் நாலும் எட்டு. காசு குடுத்துச் சனியனை வாங்கிட்டு வந்திருக்கே."

"எட்டுன்னா சீனவங்க உயிரை விடுறாங்களேண்ணே. அவங்களுக்கு மட்டும் எட்டு எப்படிப் பணம் கொட்டுது?"

"அவங்களுக்குச் சனி வேற."

ஆக, சீனருக்குக் கடைசி எண் ஆகாது, தமிழருக்குக் கூட்டுத்தொகை ஆகாது. இரண்டு பெரிய நாகரிகங்கள் கைகழுவிய காடி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம். குருக்கள் பலகையில் சந்தனம் அப்பி, சரியாக அந்தக் கடைசி நாலின் மேல் குங்குமம் வைத்தார். கீழே இறங்கியதும் அப்பா கட்டைவிரலால் அதைத் துடைத்தார். தெய்வத்துக்குப் பயந்தவர்தான், போலீஸ் சமனுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தவர்.

பதினேழு வருடம் ஓடியது. நடுவில் ஒருமுறை வெயிலில் பசை இளகி '1' கழன்று விழுந்தது. கூட்டுத்தொகை ஏழு. பெரியப்பாவுக்குப் பரம திருப்தி, "இப்பத்தான் சரியாச்சு." மறுநாளே பலகை சரியில்லை என்று சமன் வந்தது.

கடைசியில் மழை நாளில் வழுக்கி விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டது. அப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஓடிவந்த கூட்டத்தில் முதல் ஆள் "அடிபட்டுச்சா?" என்று கேட்கவில்லை; குனிந்து பலகையைப் பார்த்து எண்ணைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டார். நாலு நம்பர் லாட்டரி அறுபதுகளின் கடைசியில் மலேசியாவுக்கு வந்ததிலிருந்து, விபத்தான காடி என்றால் தெய்வம் தரும் துப்பு. பலகையில் நாலு இலக்கம், சீட்டிலும் நாலு இலக்கம். இந்தப் பொருத்தத்தைப் பத்துப் பொருத்தம் பார்க்கும் ஜோசியரும் குறை சொல்ல மாட்டார். சீனர், தமிழர், யாருக்கும் ஆகாது என்று ஒதுக்கிய 3104-ஐ அன்று சாயங்காலம் இரண்டு சமூகமும் சேர்ந்து வாங்கியது. பெரியப்பாவும் இரண்டு வெள்ளிக்குக் குத்தினார். வரவில்லை. "சொன்னேன்ல, சனி" என்றார்.

அரசாங்கத்துக்கு இந்தப் பைத்தியத்தின் மதிப்பு தெரியாமல் இருக்குமா? 2012-இல் மூன்று டபிள்யூவோடு ஒன்றும் சேர்ந்த எண்ணை ஜொகூர் சுல்தான் 520,000 வெள்ளிக்கு எடுத்தார். 2019 முதல் ஏலமே இணையத்தில். ரஸ்ஸல் பிரபு இன்றிருந்தால் போர்வைக்குள் படுத்துக்கொண்டே கேட்டிருப்பார். விசேஷப் பலகைகளும் வந்தன. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குச் 'சுகோம்'. 2003-இல் அணிசேரா நாடுகளின் 13-ஆவது மாநாட்டுக்கு ரோமன் எண்ணில் பதின்மூன்று போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'நம்' என்று ஒரு பலகை; தமிழ்க் கண்ணுக்கு 'பதின்மூன்றாவது நம்' என்று என்னவோ வேற்றுமை உருபு விடுபட்டதுபோல் இருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க, பிறகு இந்திய இளைஞர்களுக்கான நாம் அமைப்பின் பெயரில் 'நாம்' பலகையே வந்தது. மலேசியச் சாலையில் தமிழ்ச்சொல், ஆங்கில எழுத்தில், இரண்டு ஏ போட்டு நெடிலாக. பாட்டி இருந்திருந்தால் இந்த நெடிலை ஒப்புக்கொண்டிருப்பாள்.

2024-இல் மின்சாரக் காடிகளுக்கு இலாகாவே ஒரே மாதிரிப் பலகை செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிஸ்கட் டின் மூடப்படும் காலம் தெரிகிறது.

டட்சனைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அப்பா பலகையை மட்டும் கழற்றிக்கொண்டுவந்தார். கொல்லைப்புறத்தில் கோழிக்கூண்டுக் கதவு உடைந்திருந்தது; சரியான அளவு. ஒரு இளவரசரின் பிறந்தநாளுக்காக இந்தத் தீவில் இறங்கிய எழுத்து, எட்டுக் கோழிகளுக்குக் காவலாகக் கம்பியில் தொங்கியது. எட்டு என்றதும் பெரியப்பா ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைக்கச் சொன்னார்.